மங்களூர் லைன் திறக்கட்டும்

என் கணவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ப்ளானிங் செக்‌ஷனில் இருந்தார். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைக்கு ஆர்டர் வருவது மெல்ல மெல்ல நின்றுபோனது. ப்ளானிங் மட்டும் நிற்கவில்லை. காலையில் ஃபேக்டரி பஸ்ஸில் போய், நடக்கப்போகாத உற்பத்திக்குத் திட்டம் போட்டுவிட்டு, சாயங்காலம் தொம்மலூர் வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த திறமையை என் மேல் காட்டுவார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காய்கறி வாங்கக் கிளம்பினால் எந்தத் தெரு வழியாகப் போனால் வெயில் படாது என்று வாசலில் நிறுத்தி விளக்குவார். அவர் விளக்கி முடிப்பதற்குள் வெயிலே போய்விடும்.

நான் கணக்கு டீச்சர். பிறந்தது தர்மபுரிப் பக்கம், வாக்கப்பட்டது பெங்களூரில். நாற்பதை நெருங்கும்வரை கடலைப் பார்த்ததில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. ஒருமுறை மெட்ராஸில் கல்யாணம் என்று போனோம். கல்யாண மண்டபம் ஆவடியில் இருந்தது, முகூர்த்தம் முடிந்து சாப்பிட்ட கையோடு ரயிலேற்றிவிட்டார்கள். மெட்ராஸுக்குப் போய்க் கடலைப் பார்க்காமல் வந்தவள் என்று எங்கள் சொந்தத்தில் என்னை ரொம்ப நாள் ஓட்டினார்கள். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் அந்த ஆசை பெரிய ஏக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்றுகூடத் தோன்றும்.

ஒருநாள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அவர் சரி என்று சொல்லிவிட்டார், அதுதான் வினை.

"போலாம்," என்றார். "ஆனா கடல்ங்கறது ஓடிப்போய்ப் பாத்துட்டு ஓடிவர்ற சமாச்சாரம் இல்ல. நிதானமாப் போகணும்."

அப்போது கொங்கண் ரயில் பாதை புதிதாகத் திறந்திருந்தது. மங்களூரில் பாசஞ்சர் வண்டி பிடித்து, மனதுக்குப் பிடித்த ஸ்டேஷனில் எல்லாம் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கரைக்குப் போய், ஆற அமர உட்கார்ந்து, மறுபடி அடுத்த பாசஞ்சரைப் பிடித்து, இப்படியே கார்வார்வரை கரையோரமாக ஊர்ந்து போவது என்று முடிவானது. கேட்கும்போதே எனக்குக் காலில் தண்ணீர் பட்டது. அவர் ரயில்வே டைம்டேபிள் வாங்கி வந்தார். சுவரில் கர்நாடகா மேப் ஏறியது. முதல் அலையில் காலை வைக்கக்கூடாது, அது மணலை அரித்துவிடும், இரண்டாவது அலைதான் பதமானது என்றெல்லாம் அவர் பாடம் எடுக்கும்போது, எத்தனை கடல் பார்த்த மனுஷனோ என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு சிக்கல். பெங்களூரிலிருந்து மங்களூருக்கு மலை இறங்கும் ரயில் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடிவிட்டிருந்தார்கள். பஸ் இருந்தது, ஒன்றல்ல, டஜன் கணக்கில். பஸ்ஸில் போகலாமே என்றேன். நிதானப் பயணத்தை ஆரம்பத்திலேயே பஸ்ஸில் போய்க் கெடுப்பதா என்று கேட்டார். ஓசூருக்குப் போகிற பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்காருபவர் அவர் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை. "லைன் வேல முடியப்போவுது. அடுத்த வருஷம் திறந்துருவான்" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அரசாங்கமும் இவரும் பேசிவைத்துக்கொண்டு செய்வதாகவே எனக்குப் பட்டது.

இதற்கிடையில் அவர் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு போக நினைக்கும் ஃபேக்டரிக்காரர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மேப்பைக் காட்டி, எங்கே இறங்கலாம், எங்கே மீன் சாப்பாடு, எங்கே சாமி கும்பிடலாம் என்று பிரித்துச் சொல்லுவார். நான் காபி போட்டுக் கொடுப்பேன். அவர்கள் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நன்றிக்காகச் சிப்பியும் சங்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிப்பியால் செய்த ஆமை, சிப்பியால் செய்த மயில், சிப்பி ஒட்டிய சாமி படம். எங்கள் ஷோகேஸில் இடமில்லாமல் டி.வி. மேலும் வைத்தேன். தொம்மலூரில் ஒரு கடற்கரைக் கடையே போடலாம். கடல்தான் பாக்கி.

மாடியில் குடியிருந்த சாஃப்ட்வேர் பையன்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோவாவுக்குக் கிளம்பி, திங்கட்கிழமை காலையில் முகம் கருத்துத் திரும்புவார்கள். "கோவாவப் பாத்துட்டு வர்றானுங்க, கடலப் பாக்கல" என்பார் இவர். அவர்கள் செருப்பிலிருந்து மாடிப்படியில் கொட்டிய மணலைப் பெருக்கியவள் நான். ஒரு தடவை அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டைம்டேபிளை அடுப்பில் போட்டிருப்பேன், அது காஸ் அடுப்பாகப் போனது.

அந்த வாரம்தான் வீட்டுக்காரம்மாவிடம் வாய்விட்டேன். கீழ் போர்ஷனில் இருந்த கன்னடக்கார அம்மா அவர், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கன்னடம் எப்படி என்றால், வார்த்தைக்குக் கன்னடம், வேற்றுமை உருபுக்குத் தமிழ். துணி காயப்போடும்போது, என்ன டீச்சரே முகம் ஒருமாதிரி இருக்கே என்று கேட்டார். ஈரத்துணியைப் பிழிந்த கை அப்படியே கண்ணைத் துடைக்கப் போனது.

"அக்கா, நனகே ஒந்து சலனாதரூ கடலெ நோட்பேக்கு," என்றேன்.

ஒரு தடவையாவது கடலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் என்னை ஒரு நிமிஷம் விநோதமாகப் பார்த்தார். பிறகு முதுகில் தட்டி, இதற்குப் போய்க் கண் கலங்குவார்களா, திங்கட்கிழமை மத்தியானம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். திங்கட்கிழமை மத்தியானமா? ஸ்கூலுக்கு லீவு போடவா என்று கேட்டேன். அரை நாள் போதும், சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார். கணக்கு டீச்சரான எனக்கு அந்த இடத்தில் உதைத்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருஷம் திட்டத்திலேயே கிடந்தவளுக்கு, ஒருத்தர் கிழமை சொன்னதே போதையாக இருந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஏதோ பெரிய ஏரியைக் கடல் என்கிறார் போலிருக்கிறது, அதையாவது பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு பஸ் மாறி பசவனகுடியில் இறங்கினோம். கார்த்திகைக் கடைசி சோமவாரம். நந்தி கோயில் ரோடு முழுக்க, இரண்டு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிலக்கடலை. பச்சைக் கடலை, வறுத்த கடலை, அவித்த கடலை, குவியல் குவியலாக. ஊரே திரண்டு படியில் அளந்து வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா பெருமையாகக் கையை நீட்டி, நோடு டீச்சரே, எஷ்டு பேக்கோ அஷ்டு நோடு என்றார். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பார்த்துக்கொள்ளலாமாம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கன்னடத்தில் கடல் என்றால் கடலு, நிலக்கடலை என்றால் கடலெ. அதன் வாலில் நான் ஒட்டிய தமிழ் ஐ அதைக் கடலையாக்கிவிட்டது. கடலைக்காய்த் திருவிழாவைப் பார்க்க முடியவில்லையே என்று துணிக்கொடியடியில் நின்று அழுத முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். நடுரோட்டில் நின்று சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை, சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. கைகளை அலைபோல ஆட்டி, ஸ்ஸ்ஸ் என்று சத்தம் கொடுத்து விளக்கினேன்.

"ஐயோ, சமுத்ரானா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய தங்கையைக் குந்தாபுரத்துப் பக்கம் ஒரு கரையோர ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக் கொல்லைப்புறமே சமுத்திரமாம். உப்புக் காத்தில் கம்பி ஜன்னல் எல்லாம் துரு, போட்ட துணி காய்வதில்லை, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் லீவில் தங்கை வீட்டுக்குப் போகப்போகிறேன், கூட வா என்று முடித்துவிட்டார். அவித்த கடலை தின்று முடிப்பதற்குள் பயணம் முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் மேப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குந்தாபுரத்தில் ஆரம்பிப்பது தப்பு, மங்களூரிலிருந்து வடக்கே ஏறித்தான் அதைத் தொட வேண்டும் என்றார். டிசம்பரில் காற்று சரியில்லை என்றார். நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவருக்கு லீவு அழுகிக்கொண்டிருந்தது, ஃபேக்டரியில் அவர் இல்லாவிட்டால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். லைன் திறந்ததும் நான் முறையாக வருகிறேன், நீ இப்போது போய் ட்ரையல் பார்த்துவிட்டு வா என்றார். என் ஆயுசு ஆசைக்கு ட்ரையல் என்று பெயர் வைத்துவிட்டார். நான் பயணப் பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏற்றிவிட்டார். சிவப்பு பஸ், பகல் பஸ். அது நிதானத்தில் இவர் திட்டத்தையே தோற்கடித்தது. கை காட்டிய இடமெல்லாம் நின்றது. ஹாசனில் டிரைவர் சாப்பிட்டார், சக்லேஷ்புரத்தில் காபி குடித்தார். மலை இறங்கும்போது எதிரே லாரி வந்தால் இரண்டு டிரைவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டார்கள். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. காதில் விடாமல் ஒரு இரைச்சல். தென்னந்தோப்பில் காற்று என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனேன். துணிக்கொடி. கொடிக்குப் பின்னால் நாலு தென்னை. தென்னைக்குப் பின்னால் கடல்.

இவ்வளவு வருஷமாகக் கரும்பலகையில் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. இதற்கு முனையே இல்லை. பிரஷ் வாயிலேயே இருக்க, நுரையோடு அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரம்மா வந்து, கண்ணில் உப்புக் காத்து பட்டுவிட்டது, நான்தான் சொன்னேனே என்றார். காலை நனைத்தேன். முதல் அலையிலேயே வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அலையில்தான் புடவையோடு சாய்ந்து விழுந்தேன். இவர் பாடத்தில் எங்கோ இடிக்கிறதே என்று அப்போதே ஒரு சின்ன சந்தேகம்.

மத்தியானம் கரையோர ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நன்றாகக் கேலி செய்துவிடுவது என்று வார்த்தைகளை எல்லாம் வழியிலேயே அடுக்கிவைத்திருந்தேன். அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார். பார்த்துவிட்டேன் என்றேன். சரி என்றார். பூத்துக்குள்ளும் அந்த இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார்.

கடல்தான் என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவுல நிக்காதா?" என்றார். "இப்படியேதான் போட்டுக்கிட்டே இருக்குமா?"

அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் போய்விட்டன. கடல் நிற்குமா என்று கேட்கிறவர் கடலைப் பார்த்தவராக இருக்க முடியாது. இரண்டாவது அலை பதமானது என்று பாடம் எடுத்த மனுஷன். ஊரில் பாதிப் பேரைக் கடலுக்கு அனுப்பி, அவர்கள் கொண்டுவந்த சிப்பி ஆமைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பவர். கடல் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தாயிற்று, இனிமேல் போய் முதல்தடவையாக எப்படி வாயைப் பிளந்து நிற்பது? என் ஏக்கத்தை நான் சொல்லி அழவாவது ஒரு துணிக்கொடி இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை, பாவமாக இருந்தது.

"நாளைக்குக் கிளம்பி வாங்க," என்றேன்.

லைன் திறக்கட்டும் என்பார் என்று காத்திருந்தேன்.

"எந்த வழியா வரணும்?" என்றார்.

மெஜஸ்டிக் போய், எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுங்கள், எலுமிச்சம்பழம் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் இருக்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் வந்தார். முகம் வெளிறி, சட்டையெல்லாம் கசங்கி, கையில் நசுங்கிப்போன எலுமிச்சம்பழத்தோடு. வீட்டுக்குள் போகாமல் நேரே தோப்பு வழியாக அழைத்துக்கொண்டு போனேன். இருட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருந்தது. அவர் ஷூவைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். அலை வந்து ஷூவுக்குள் புகுந்துவிட்டுப் போனது. அது எத்தனையாவது அலை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.