ஜோசஃபின் பெயருக்குப் பக்கத்தில்

ஈஜிபுராவில் இருக்கும் ஜோசஃபினுக்கு ஆண்டவர் கொடுத்தது ஒரே பிள்ளை, ஃபிராங்க்ளின். கல்லறைத் தோட்டத்து வாசலில் மெழுகுவர்த்தி விற்று, நவம்பர் வந்தால் மங்கிப்போன கல்லறை எழுத்துகளுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, அவனைப் படிக்க வைத்தாள். அவன் அமெரிக்கா போய்ப் பெரிய கதாசிரியன் ஆகிவிட்டான். நாலு நாவல், பரிசு, பேட்டி. பதினெட்டு வருஷமாக ஊர்ப்பக்கம் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு நிக்கோல் அவன் புத்தகங்களை வாசித்துக் கதையைத் தமிழில் சொல்வாள். முதல் நாவலில் அம்மா காய்ச்சலில் செத்தாள். இரண்டாவதில் ரயிலில் அடிபட்டாள். மூன்றாவதில் ஸ்டவ் வெடித்தது.

"இந்தத் தடவை எப்படிடி சாகறேன்?" என்று ஜோசஃபின் சிரிப்பாள். "ஒரு தரம் வந்து என் கையால சோறு தின்னட்டும். அப்புறம் எப்படி வேணா கொல்லட்டும்." அதுதான் அவள் ஜெபமும்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று வந்தான். கூடவே வெள்ளைக்காரர்கள், கேமரா. அவன் வாழ்க்கையைப் படம் எடுக்கிறார்களாம். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் மெழுகுவர்த்தி பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான்.

"சத்தம் போடாதம்மா. சின்ன வயசுலயே நீ செத்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உன் கல்லறைய படம் எடுக்கணும்."

"எனக்கு ஏதுடா கல்லறை?"

"அப்பா கல்லறையில உன் பேர் இருக்கே."

இருந்தது. புருஷன் டொமினிக் போனபோது, பக்கத்து இடம் தனக்கென்று அவளே எழுதி வைத்தது. பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் வெறும் சிமெண்ட்.

"தொண்ணூத்தொன்பதுன்னு போட்டுடும்மா. அப்புறம் அழிச்சுக்கலாம்."

அந்த வருஷம்தான் அவனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. பிள்ளை பிழைத்தால் போதுமென்று வேளாங்கண்ணி மாதாவுக்குத் தன் தலைமுடியைக் கொடுத்தாள். இப்போது பிரஷ்ஷைத் தோய்த்து அதே வருஷத்தை எழுதினாள். அன்றைக்கு எல்லாக் கல்லறையிலும் பெயிண்ட் ஈரம்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஃபிராங்க்ளின் மண்டியிட்டு அழுதான். நிஜமாகவே அழுதான். கண்ணைத் துடைத்துவிட அவள் முந்தானையோடு ஓர் எட்டு முன்னால் வைத்தாள்.

"ஏ ஆயா, சொல்ப தள்ளு, கொஞ்சம் அந்தப் பக்கம்! படத்துல விழறே," என்று வண்டி ஓட்டி வந்த சுனில் அதட்டினான். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

போகும்போது கிட்டே வந்தான். "சோறு ஆக்கறேன், வரியாடா?" என்றாள்.

"ஃபிளைட் இருக்கும்மா."

வண்டி போனதும் நிக்கோல் டர்பன்டைனும் துணியும் கொண்டுவந்தாள். "அழிச்சுடலாம் ஆன்ட்டி. பாக்கவே நல்லா இல்ல."

"இருக்கட்டும்டி. உசுரோட இருக்கறவள பாக்க வரவே இல்ல. செத்தவள பாக்க வந்தான் பாரு. இன்னும் வருவான்."