கடவுளை நம்பிக் காலை மடக்காதவர்கள்

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவர்களுக்குத் தெரியும்: நோயாளியின் காலை மடக்குவதற்கு முன்னால் அவருடைய கடவுளிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். என்னைப் போலவே ஸ்கூட்டரில் சுற்றித் தொண்டை வற்றிப்போன சகாக்களே, இது உங்களுக்காக.

வலை யார் கையில்?

ஊரூர் குப்பத்து ஏழுமலை அண்ணா மீனவர். வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் நடக்கத் தொடங்காவிட்டால் கால் விறைத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான் முதல் நாள் போனபோதே அதில் இரண்டு மாதம் ஓடிவிட்டிருந்தது. அவரோ பாயில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டி, அவர் மனைவி மல்லிகா அக்காவின் இடுப்பும் போயிருந்தது. இந்த மனிதரை நடக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எழுந்திருக்கச் சொல்லிக் கையைப் பிடித்தேன். அசையாமல் சொன்னார்: "உலகமே அவன் வலைம்மா. கவுறு அவன் கைல கீது. அவன் இழுத்தா வர்றேன், நீ இன்னாத்துக்கு இழுக்கற?"

பெருமாளின் முட்டி

மயிலாப்பூர் மாமிக்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டிய முட்டி அறுபதிலேயே அடம்பிடித்தது. வலி மறக்கட்டுமே என்று பேச்சுக் கொடுத்தேன். உயிருள்ளது, இல்லாதது எல்லாமே பெருமாளுக்கு உடம்பு, உள்ளே இருக்கிற உயிர் அவர் என்று மாமி அழகாக விளக்கினார். நான் உம் கொட்டிக்கொண்டே இன்னும் ஐந்து டிகிரி அழுத்தினேன். மாமி அலறினார்: "ஏண்டிம்மா, இந்த முட்டியும் பெருமாளோடதுன்னு இப்பதானே சொல்லிண்டிருந்தேன், கொஞ்சம் மரியாதையா மடக்கப்படாதோ?"

ஏழாம் நாள்

சாந்தோமில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருக்குத் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. அவருடைய கடவுள் வெளியே நின்று உலகத்தைச் செய்து முடித்து, நம்மிடம் ஒப்படைத்துவிட்டவர். அப்படியானால் தோளும் உங்கள் பொறுப்புதானே என்றேன், ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் வருவேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரும்மா, நீ என்ன அவருக்கும் மேலயா?"

பத்தடி

மூன்றாவது மாதமும் பாதி போய்விட்டது. டீச்சரின் கடவுளை ஏழுமலை அண்ணாவிடம் சொல்லிப் பார்த்தேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, மாமியின் பெருமாளை இறக்கினேன்.

"உலகமே சாமியோட உடம்பாம்ணா. அப்போ இந்தக் காலும் அவரோடதுதான்."

திரும்பித் தன் காலைப் பார்த்தார். "அப்ப அவனுக்கும் வாதமா?" என்றார். எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். நான் வரத் தொடங்கிய இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக இடது கையை அவராகவே என் பக்கம் நீட்டினார்: "பாவம், அவனும் என்னாட்டம் படுத்துகினு கீறானா? கை குடும்மா, அவனையாச்சும் நடக்க வெப்போம்."

கடவுளுக்கும் உலகத்துக்கும் என்ன உறவு என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றாலும், அன்று வாசல்வரை பத்தடி நடந்த இருவரிடமும், மறுநாள் பதினோரு அடி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.