பன்னிரண்டு டின் மால்ட் பாகு

வில்ஃப்ரெட் ஆக்ராய்டுக்கு மூக்கு நல்ல மூக்கு, காதுதான் சரியில்லை. செவிட்டுக் காது என்று சொல்லவில்லை. அடுத்தவர் சொல்வது உள்ளே போகாத காது. ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவில் அது எல்லாருக்கும் தெரியும். கம்பள ஆலையின் சாயப்பட்டறையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்த மனிதர். தொட்டியில் ஆவி எழும்பும்போதே மோந்து பார்த்து, சாயம் ஏறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சூடு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. பட்டறைக்குள் அது உண்மையும்கூட.

ஆலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. மற்ற ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியின் உயிரை எடுத்தார்கள். வில்ஃப் பீர் காய்ச்சத் தொடங்கினார். அப்போதெல்லாம் எங்கள் ஊர் மூலை மருந்துக்கடையிலேயே கறுப்பு பீருக்கான டின் கிடைத்தது. உள்ளே முளைகட்டிய பார்லியில் எடுத்த கெட்டியான மால்ட் பாகு, மூடிக்குக் கீழே ஒரு பொட்டலம் ஈஸ்ட். பாகைக் கொதிநீரில் கரைத்து, சர்க்கரை போட்டு, வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் நாற்பது பைன்ட், அதாவது இருபத்திரண்டு லிட்டர் சொச்சம், வரும்வரை தண்ணீர் ஊற்றி, வெதுவெதுப்பு வந்ததும் ஈஸ்ட்டைத் தூவ வேண்டியதுதான். தொட்டி படுக்கையறையில் வெந்நீர்க்கலம் இருக்கும் அலமாரிக்குள் போகும். எங்கள் ஊர்க் குளிரில் ஈஸ்ட் உயிரோடிருக்க வீட்டில் வேறு இடம் கிடையாது. துண்டுகளும் துப்பட்டிகளும் காயும் அலமாரியும் அதுதான். அவற்றுக்குச் சொந்தக்காரி ஐவி.

ஐவி அவர் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவள். ஒன்பது வயதில் கிறிஸ்தவச் சபையில் வரிசையாக நிறுத்தி, மது தொடமாட்டேன் என்று பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கினார்களே, அந்த அட்டை இன்னும் அவள் கட்டிலுக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுக்குள் மறந்துபோனார்கள். ஐவி மறக்கவில்லை. புருஷன் குடிப்பதை அவள் தடுக்கவும் இல்லை. புட்டிகளைக் கழுவினாள், தரையில் வழிந்த நுரையைத் துடைத்தாள், ஒரு சொட்டும் நாக்கில் வைத்ததில்லை.

மருந்துக்கடை மூடப்போகிறது என்றதும் வில்ஃப் இருந்த பன்னிரண்டு டின்னையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாவற்றையும் வெந்நீர் அலமாரிக்குள் அடுக்கினார். சூட்டில் இருந்தால் பாகு இளகி நிற்கும், டின்னைக் கவிழ்த்ததும் இறங்கிவிடும் என்பது அவர் கணக்கு. டின் மேலேயே ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. வில்ஃப் அதைப் படிக்கவில்லை. ஐவி படித்தாள். ஒருநாள் அவர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம், இரண்டு இரண்டாகக் கையில் எடுத்துக்கொண்டு ஆறு நடை படியிறங்கி, கீழே நிலக்கரி அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"முப்பத்திநாலு வருசம் சாயத்தொட்டிய பாத்தவனுக்கு நீ சூடும் குளிரும் சொல்லித் தர்றியா? ஒன் அதிகாரத்த ஸ்கூல் அடுப்படியோட வெச்சுக்க."

"டின்னுல எழுதியிருக்கு, வில்ஃப்."

"டின்னு வந்து எனக்குப் பாடம் எடுக்குதா?"

எல்லாவற்றையும் மேலே தூக்கி வந்தார். பதினொன்றுதான் இருந்தது. கோபத்தில் இருந்தவர், ஒன்றை ஏற்கெனவே காய்ச்சிவிட்டோம் போல என்று விட்டுவிட்டார். மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. ஐவி அன்றிலிருந்து துண்டுகளை நாற்காலி முதுகில் காயப்போட்டாள். அவை ஒருநாளும் சரியாகக் காய்ந்ததில்லை.

பிறகு வந்த ஒவ்வொரு பீரும் முந்தையதைவிடக் கறுத்தது, கசந்தது. பக்கத்து வீட்டு கிளமென்ட் ஓசியில் குடிப்பவன், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. "பீரா இது? பழைய பூட்ஸ ஊறவெச்ச தண்ணி" என்பான். வில்ஃப் நகராட்சிக் குடிநீரைத் திட்டினார். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

அதற்குள் ஐவிக்கு வயிற்றில் புற்று வந்துவிட்டது. இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போகும் நர்ஸ் மொய்ரா, வில்ஃபைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பிப்ரவரி கடைசி, மிஸ்டர் ஆக்ராய்ட். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. என்ன கேட்டாலும் குடுங்க, இனிமே பத்தியம் கித்தியம் ஒண்ணும் வேண்டாம்."

என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். ஐவி அந்த அட்டையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒன் பீருல ஒரு கிளாஸ் குடு."

வில்ஃப் அவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சு வருசமா அதுக்குப் பின்னாடி தொடச்சுக்கிட்டு வர்றேன். என்னன்னு தெரியாமலே போகச் சொல்றியா?"

வீட்டில் ஒரு புட்டிகூட இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் அவர் காய்ச்சவே இல்லை. முனையில் இருக்கும் பப்பிலிருந்து கறுப்பு பீர் வாங்கி வருகிறேன் என்று கிளமென்ட் சட்டையை மாட்டினான். ஐவி தடுத்தாள்.

"கண்டவன் பீருக்காகவா நான் சத்தியத்த மீறணும்? மீறுனா இவன் காச்சுனதுக்குத்தான்."

மனிதர் துள்ளிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தார். மிச்சம் மூன்று டின். ஒன்றில் மூடி உப்பியிருந்தது. திறந்தால் பாகு தார் மாதிரி இருந்தது, கருகிய வாடை முகத்தில் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் தேவலை. மூன்று ஈஸ்ட் பொட்டலத்தையும் வெதுநீரில் கரைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. சூட்டிலேயே கிடந்து எப்போதோ செத்துவிட்டன. அத்தனை மூக்கு வைத்திருந்த மனிதருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. உறைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கிளமென்ட்டிடமிருந்து ஒரு பொட்டலம் ஈஸ்ட் வாங்கி அந்த மூன்றாவது டின்னைக் காய்ச்சினார். இரண்டு நாள் நுரை பொங்கியது, மூன்றாம் நாள் அடங்கியது. அடங்கினால் போதாது. சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கண்ணாடி மிதவையை விட்டு அளந்து, இரண்டு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் ஈஸ்ட் வேலையை முடித்திருக்கிறது என்று அர்த்தம். முடியாததைப் புட்டியில் அடைத்தால் அது புட்டிக்குள்ளே பொங்கும். இதெல்லாம் வில்ஃபுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். ஆனால் பிப்ரவரி கடைசி என்ற சொல் மண்டையில் குடைந்துகொண்டிருந்தது. மிதவையை எடுக்கவே இல்லை. ஐந்தாம் நாள் முப்பத்தெட்டுப் புட்டியில் அடைத்து, புட்டிக்கு அரை ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று அதே வெந்நீர் அலமாரிக்குள், ஐவியின் தலைமாட்டில், அடுக்கினார்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் கீழே சூப் சுடவைத்துக்கொண்டிருந்தபோது மேலே வெடித்தது. ஒன்று, உடனே இன்னொன்று. ஓடிப்போய்ப் பார்த்தால் அலமாரிக் கதவு திறந்து கிடந்தது, தரையெல்லாம் பழுப்பு நுரை, கண்ணாடிச் சில்லு. ஐவி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தாள். புட்டிகள் ஒன்றையொன்று உடைத்தன. வில்ஃப் கட்டிலில் ஏறி, அலமாரிக்கு முதுகைக் காட்டி, அவள் மேல் பாரம் விழாமல் கையூன்றிக் கவிழ்ந்துகொண்டார். ஏழோ எட்டோ வெடித்தன, மற்றவை அடிபட்டு உடைந்து வழிந்தன. ஒரு சில்லு அவர் பிடரியில் ஏறியது. ரத்தம் அவள் தலையணையில் சொட்டியது.

எல்லாம் ஓய்ந்ததும் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இதுக்குத்தான் நான் இத்தன வருசம் குடிக்காம இருந்தேன்."

வில்ஃப் அழுதார். அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆலை மூடிய அன்றும் அழாதவர்.

"எல்லாம் போச்சு, ஐவி. டின்னெல்லாம் கருகிப்போச்சு. நீ சொன்னதுதான் சரி. நான்தான்..."

"அழுதது போதும். கீழ போ. கரி மூட்டைக்குப் பின்னாடி ஒரு டின் கெடக்கும். அன்னிக்கு நீ பதினொண்ணுதான் தூக்கிட்டுப் போன."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?"

"நீதான் மூணு வாரம் பேசலியே. அப்புறம் நான் ஏன் சொல்லணும்?"

டின் அங்கேதான் இருந்தது. கரித்தூள் படிந்து, கையில் பிடித்தால் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. அவர் பயந்தபடி பாகு இறுகித்தான் போயிருந்தது, சொட்டுக்கூட இறங்கவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தினார், வழவழவென்று இறங்கியது. இந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் பதினோரு டின்னை இரண்டு வருஷம் வேகவைத்திருக்கிறார். ஈஸ்ட்டைக் கோப்பையில் போட்டார். பத்து நிமிடத்தில் பொங்கி விளிம்பைத் தொட்டது.

இந்த முறை மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. தொட்டியை அலமாரியில் வைத்து, காலையும் மாலையும் மிதவையை விட்டு அளந்து, துண்டுச் சீட்டில் குறித்தார். வாசனை அறையெங்கும் பரவியது. ஐவிக்கு அப்போது தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. ஆறாம் நாள் அவள் கண்ணைத் திறந்து, அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ரொட்டி சுடுற வாசம் மாதிரி வருது. ஒரு ஸ்பூன் குடு."

"இன்னும் வேல முடியல. கலங்கலா இருக்கு."

"கலங்கலாவே குடு."

"வயித்தக் கெடுக்கும், ஐவி."

"என் வயித்துல கெடுறதுக்கு இன்னும் என்ன இருக்கு?"

நர்ஸ் மொய்ரா அப்போது ஊசிப் பையை மூடிக்கொண்டிருந்தாள். "ஒரு ஸ்பூன்தானே, குடுத்துருங்களேன்" என்றாள். வில்ஃப் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அவசரப்பட்டுத்தான் அந்த முப்பத்தெட்டுப் புட்டியும் போயிற்று. இதையாவது முறையாகச் செய்து, தெளியவைத்து, நுரை கட்டி, கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஐம்பது வருஷச் சத்தியத்தை மீறுகிறவளுக்குக் கலங்கலை எப்படிக் கொடுப்பது? அவர் நினைத்தது இதுதான். நல்லதைத்தான் நினைத்தார் என்று நானும் சொல்வேன், ஆனால் எனக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

"ஒழுங்கா ஆக விடு. கொஞ்ச நாள் பொறு."

ஐவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரி. சூடு குளிரெல்லாம் நீ பாத்தவன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, மொய்ரா வெந்நீரில் துணியை நனைத்து அவள் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உயிர் போய்விட்டது. வில்ஃப் அப்போது அலமாரி முன்னால் மண்டியிட்டு, மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நேற்றைய அளவையே காட்டியது. நொதித்து முடிந்துவிட்டது.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவர் ஒரு டீ ஸ்பூனோடு போய் நின்றதாகச் சபைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். உதட்டில் தொட்டாரா இல்லையா என்பதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் புட்டியில் அடைத்தார். வெறும் கையோடு இருக்க முடியாமல் செய்த வேலை. புட்டிகளை இரண்டு நாள் மட்டும் சூட்டில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக நிலக்கரி அறைக்கு இறக்கினார். காலியான அலமாரியைத் துடைத்து, நாற்காலி முதுகில் கிடந்த துண்டுகளை மடித்து உள்ளே அடுக்கினார். மடிக்கத் தெரியவில்லை, கோணல்மாணலாகத்தான் வைத்தார்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கிளமென்ட் வந்தான். வில்ஃப் மூன்று கிளாஸ் எடுத்துவைத்தார். ஊற்றினார். அடர்ந்த கறுப்பு, மேலே வெண்ணெய் நிறத்தில் கெட்டியான நுரை. கிளமென்ட் ஒரு வாய் குடித்தான், கிளாஸைக் கீழே வைத்தான், மறுபடியும் எடுத்துக் குடித்தான்.

"டேய் வில்ஃப், இத்தன வருசத்துல நீ இப்படி ஒண்ணு காச்சுனதே இல்ல. இதுக்கு மட்டும் அப்படி என்னடா பண்ணுன?"

வில்ஃப் தன் கிளாஸைத் தொடவில்லை. மூன்றாவது கிளாஸில் நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பண்ணல. இந்த ஒரு டின்ன மட்டும் அவ வெச்ச எடத்துலேர்ந்து தூக்கிட்டு வர மறந்துட்டேன்" என்றார்.