எந்த மாதத்து வருமானம்?

மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் சான் எஸ்தேபன் ஊரில் லொரெட்டா வியால்பாண்டோவைத் தெரியாதவர் இல்லை, பிடிக்காதவர்கள் உண்டு. டிராக்டர் உதிரிபாகக் கடையை ஒட்டி அவளுக்கு ஓர் ஒற்றை அறை அலுவலகம். இருபத்திரண்டு வருடமாக மருத்துவக் காப்பீட்டுத் தரகர். அந்தத் தொழிலில் விற்பது பாதிதான். மீதிப் பாதி, ‘உங்களுக்குக் கிடைக்காது’ என்று போய்ச் சொல்வது. சர்க்கரை வியாதி, எப்போதோ வந்துபோன புற்றுநோய், சிக்கலான பிரசவம் என்று விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் எங்காவது ஒரு ‘ஆம்’ விழுந்துவிட்டால் போதும், கம்பெனி கதவைச் சாத்திவிடும். அதை அவள் தொலைபேசியில் சொன்னதே இல்லை. வீட்டுக்குப் போய், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்வாள். சர்க்கரை வியாதிக்காரனான வெல்டர் டெல்ஃபீனோ அத்தென்சியோ, ‘கிடைக்காது’ என்று கேட்டதும் அவள் பாதி குடித்திருந்த காபியை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு வாசலைக் காட்டினான். அவள் எழுந்து வந்தாள்.

அதற்கு அடுத்த வருடம், இரண்டாயிரத்துப் பதினொன்றில், ஊரெல்லாம் புதுச் சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. இனி நோயைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்க முடியாது. மாநிலமே ஒரு காப்பீட்டுச் சந்தையைத் திறக்கும். எல்லாக் கம்பெனித் திட்டங்களையும் கணினியில் ஒன்றாகப் பார்த்து மக்களே வாங்கிக்கொள்ளலாம். வருமானம் குறைந்தவர்களின் பிரீமியத்தில் அரசு ஒரு பங்கைக் கட்டும். பள்ளத்தாக்கின் தரகர்கள் ஒன்பது பேரும் ஒரு காலையில் பரிட்டோ ரொட்டிச் சுருளும் கையுமாகக் கூடினார்கள். எல்லோர் முகத்திலும் கவலை.

“விமான டிக்கெட் வித்த ஏஜென்டுங்கல்லாம் இப்ப எங்க?” என்றார் மூத்தவரான ஜெரால்டு ஹாக்கெட். “நாளைக்கு நாமளும் அங்கதான். சந்தைக்கு ஆலோசனைக் குழு போடறாங்களாம், புரோக்கருங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கு. லொரெட்டா, நீ போ. உனக்குத்தான் திட்டு வாங்கிப் பழக்கம்.”

தரகர் சங்கம் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க உரையோடு கணவாயைத் தாண்டி நான்கு மணி நேரம் காரோட்டி மாநிலத் தலைநகருக்குப் போனாள். குழுவின் கூட்டத்தில் அவள் வாய் திறப்பதற்குள், நோயாளிகள் உரிமைச் சங்கத்தின் அன்னிக்கா தோர்ஸ்கார்ட் எழுந்துவிட்டாள்.

“புரோக்கருக்கு இங்க என்ன வேலை? இத்தனை வருஷமா நோயாளிங்கள வாசலோட திருப்பி அனுப்பினது இவங்கதானே?”

லொரெட்டா உரையை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“நீங்க சொல்றது பொய்யில்ல. போன வருஷம் மட்டும் முப்பத்தொரு பேருக்கு ‘கிடையாது’ன்னு சொன்னேன். ஒவ்வொருத்தர் வீடும் எனக்குத் தெரியும். சந்தை திறக்கிற அன்னிக்கு அவங்க கதவைத் தட்டி, ‘இப்ப கிடைக்கும், வாங்க’ன்னு யார் சொல்லப்போறா? உங்க கம்ப்யூட்டரா?”

இணையதளத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த இளைஞன் குறுக்கிட்டான். “பத்தே நிமிஷத்துல முடிஞ்சிரும் மேடம். யார் உதவியும் வேணாம்.”

“அப்ப எங்க ஊருக்கு வந்து முடிச்சுக் காட்டுப்பா.”

குழு இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் ஒரு மார்ச் மாதம், பனி உருகாத கணவாய் வழியே அந்த இளைஞனும் அன்னிக்காவும் வந்து சேர்ந்தார்கள். ஊர் நூலகத்தில், உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை செய்யும் ஃபெர்மின் ஆர்ச்சுலேட்டாவைக் கணினி முன் உட்காரவைத்தாள் லொரெட்டா. பெயர், வயது எல்லாம் சரியாகப் போயிற்று. அடுத்து ‘மாத வருமானம்’ என்று திரை கேட்டது.

ஃபெர்மின் லொரெட்டாவைத் திரும்பிப் பார்த்தான். “எந்த மாசத்து வருமானம், லொரெட்டாம்மா? செப்டம்பர்னா அறுவடை, நான் பணக்காரன். பிப்ரவரின்னா வேலையே இல்ல, மாமியார்தான் எனக்குச் சோறு போடறா.”

செப்டம்பர்க் கணக்கைப் போட்டார்கள். அரசு உதவி இல்லை என்றது. பிப்ரவரியைப் போட்டார்கள், சந்தையில் உனக்கு இடமில்லை, ஏழைகளுக்கான திட்டத்துக்குப் போ என்றது. மனிதன் ஒருவன்தான். இளைஞன் மணியைப் பார்த்தான். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

“இது எனக்குத் தோணவே இல்ல” என்றாள் அன்னிக்கா வெளியே வந்ததும்.

“எப்படித் தோணும்? உங்களுக்கு மாசாமாசம் சம்பளம் வருது.”

அன்னிக்காவுக்குச் சுருக்கென்றிருந்தாலும் சிரித்துவிட்டாள். இருவரும் சேர்ந்தே குழுவுக்கு எழுதினார்கள்: முழு வருட வருமானத்தைக் கேட்க வேண்டும்; உதவுகிற தரகரின் பெயரைச் சேர்க்க இடம் வேண்டும். மூன்றாவது லொரெட்டா தானாகச் சேர்த்தது: எல்லாக் கம்பெனியும் தரகருக்கு ஒரே கமிஷன்தான் தர வேண்டும், அதிகம் தருகிற கம்பெனி பக்கம் தரகர் சாயக் கூடாது. அதை எழுதுமுன் இரண்டு நாள் யோசித்தாள். தன் கையையே வெட்டிக்கொள்வது போலத்தான் இருந்தது. மூன்றையும் குழு ஏற்றுக்கொண்டது.

ஹாக்கெட் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “எங்களுக்காகப் பேசத்தான் உன்ன அனுப்பினோம். நீ எங்க சோத்துல கை வெச்சுட்டு வந்திருக்க.”

“யாரு அதிகம் குடுக்கிறான்னு பார்த்து நீங்க ஒரு பாலிசியும் வித்ததில்லையா, ஜெரால்டு? நான் வித்திருக்கேன்.”

அதற்குப் பின் அவர் அவளோடு ஒரே மேஜையில் உட்காரவே இல்லை. ஒன்பது தரகர்களில் நான்கு பேர் தொழிலை விட்டார்கள்.

அந்த வருட அக்டோபரில் சந்தை திறந்தது. முதல் நாள் மதியத்துக்குள் இணையதளம் படுத்துவிட்டது. லொரெட்டா காகித விண்ணப்பங்களைக் காரில் போட்டுக்கொண்டு, முப்பத்தொரு பேர் பட்டியலோடு கிளம்பினாள். டெல்ஃபீனோ கதவைப் பாதிதான் திறந்தான்.

“மறுபடியும் இல்லைன்னு சொல்ல வந்தியா?”

“இல்ல. நோயைப் பத்தி இப்ப கேள்வியே கிடையாது. கையெழுத்துப் போட்டா போதும்.”

அவன் நொண்டிக்கொண்டே மேஜைக்கு வந்தான். சர்க்கரை வியாதியில் வலது காலின் இரண்டு விரல்கள் போயிருந்தன. “மூணு வருஷம் முன்னாடி இதைக் கொண்டுவந்திருந்தா...” என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். மன்னிப்புக் கேட்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் தன் பாரம்தான் குறையும், அவன் விரல்கள் வரப்போவதில்லை என்றும் தோன்றியது. பேனாவை நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

முப்பத்தொரு பேரில் இருபத்தைந்து பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் ஒருவர் ஊர்விட்டுப் போயிருந்தார். மூவர் கதவே திறக்கவில்லை.

அடுத்த வருடம் பள்ளத்தாக்கில் பிரீமியம் ஏறியது. அஞ்சலக வரிசையில் ஒரு பெண் எல்லோர் முன்னிலும் கேட்டாள்: “இதுக்குத்தான் தலைநகருக்குப் போய் நாற்காலில உட்கார்ந்தியா?”

“உன் பில்லைக் குடு. அடுத்த கூட்டத்துல காட்டறேன்” என்று கை நீட்டினாள் லொரெட்டா.

இன்னும் ஆறு வருடம் அவள் அந்தக் குழுவில் இருந்தாள். அன்னிக்காவோடு பாதிக் கூட்டங்களில் சண்டை. மீதிப் பாதியில் இருவரும் ஒரே கட்சி.