பாய் குடித்த ஊமத்தை

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மும்பை செம்பூரில் வீடு. என் தோல்பை அறுந்தால் தாராவியில் ஒரு பாயின் பட்டறைக்குக் கொண்டுபோவேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் ஒட்டும் பசையின் நெடியிலேயே முப்பது வருடம் உட்கார்ந்து இளைப்பு வந்திருந்தது. சட்டைப்பையில் எப்போதும் வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் ஒரு பம்பு இருக்கும்.

ஒருநாள் அவர் பம்பை உறிஞ்சியபோது, அவர் கேட்காமலே விளக்கினேன். கத்தரி, தக்காளி, மணத்தக்காளி, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம். ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறது, அது மூச்சுக்குழாயை விரிக்கும். உங்கள் பம்பில் இருக்கும் மருந்து அதை மாற்றிச் செய்ததுதான்.

"அப்ப ஊமத்தை பாட்டன், பம்பு பேரன். அப்படித்தான சொல்லுதிய?" என்றார்.

நல்ல உவமை என்று பாராட்டினேன். மருந்து மூளைக்குள் போகக்கூடாது என்றுதான் மாற்றினார்கள், செடியில் விஷம் இலைக்கு இலை கூடும் குறையும் என்பதை அடுத்துச் சொல்ல இருந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

திங்கட்கிழமைகளில் தாதர் பூக்கடைகளில் சிவனுக்கு ஊமத்தை விற்பார்கள். பாய் போய் வாங்கிவந்தார். பூக்காரி ஒன்றும் கேட்கவில்லையாம். ஊரில் இளைப்புக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பார்கள். இவர் புகைக்கும் பழக்கம் இல்லாதவர், அதனால் பட்டறை ஸ்டவ்வில் கொதிக்கவைத்துக் குடித்தார்.

மதியச் சாப்பாடு கொண்டுபோன அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "சார், இவுக வெறுங்கையில பை தைச்சுக்கிட்டு இருக்காக."

போனேன். ஊசி இல்லை, நூல் இல்லை, தோல் இல்லை. இல்லாத நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தையல் நேராகத்தான் போயிற்று. உடம்பு வறண்டு கொதித்தது. கண்மணிகள் விரிந்திருந்தன. ஸ்டவ்வின் மேலிருந்த பாத்திரத்தைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் படித்த பெண். எழுந்து நின்று, "சார், நீங்களா?" என்றாள். ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள். பாயின் மனைவி, படித்தவர் சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தார். தெரியவில்லை என்றேன். தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, ஊமத்தை என்று சொன்னேன்.

"எப்போலேருந்து தெரியும்?" என்று எழுதிக்கொண்டே கேட்டாள்.

"வரும்போதே."

அதற்குப் பிறகு அவள் என்னை சார் என்று கூப்பிடவில்லை.

இரண்டு நாளில் பாய் தெளிந்தார். ஆனால் வலது கண்ணில் அழுத்தம் ஏறியிருந்தது, பார்வை பாதிதான் திரும்பியது. அந்த ஒரு மணி நேரத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். வகுப்பை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

பட்டறை திறந்த அன்று போனேன். பம்பை விட்டது தன் தப்புதான் என்று பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். சொல்லாமல் விட்ட பாதியையும், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் அவரிடம் சொன்னேன்.

பசை டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு ஊசியை நீட்டினார்.

"இதுல நூலைக் கோத்துக் குடுங்க. எனக்கு இப்ப ரெண்டு ஊசியாத் தெரியுது."

எனக்கும் கண்ணில் புரை. நாலாவது தடவைதான் நுழைந்தது.

"நாளைக்கும் வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை தவிர தினமும் பஸ் பிடித்துப் போகிறேன். அன்றைக்கு வேண்டிய ஊசிகளைக் கோத்து வரிசையாகக் குத்திவைக்கிறேன். டீ வரும், குடிப்பேன். எதையும் விளக்குவதில்லை.