நான்காவது லேத்

என் அப்பாவைத் திருடியது நீங்கள்தான் சார். உங்கள் மாணவர் குழுவில் 'மாதிரி விடை' என்று தலைப்புப் போட்டு அவரை ஊருக்கே பங்கு வைத்துக் கொடுத்தீர்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

துடியலூரில் ஒரு பம்ப் கம்பெனியில் உதிரி பாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலை எனக்கு. ஜப்பானில் இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, இரண்டு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் ஜப்பானிய மொழி படித்தேன். எழுத்துக்கு ஓர் ஆப். தினமும் இருபது சொற்களை அட்டை அட்டையாக நீட்டிக் கேள்வி கேட்கும் இன்னோர் ஆப். கஷ்டமான எழுத்துகளின் தலைமேல் உச்சரிப்பைப் பொடியாகப் போட்டுத் தரும் ஒரு செய்தித் தளம். விரலால் எழுத்தை வரைந்தால் பொருள் சொல்லும் அகராதி. எல்லாம் இலவசம், எல்லாம் ஆங்கிலம். என் ஆங்கிலம் அரைகுறை. நான் தேடியவரைக்கும் தமிழில் விளக்கியது உங்கள் சேனல் ஒன்றுதான். அதனால்தான் நம்பி, நேர்காணலுக்குத் தயார் செய்யும் உங்கள் குழுவிலும் சேர்ந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய, இரும்பு கடையும் ஜப்பான் லேத் ஒன்று அங்கே ஓடுகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு வரி ஜப்பானிய எழுத்து. செய்த கம்பெனியின் பெயர் என்று நினைத்து, வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா அந்தத் தகட்டுக்குத்தான் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாக அகராதியில் வரைந்து பார்த்தேன். கோடு ஒன்று தப்பினாலும் வேறு எதையோ காட்டும். மதியம் ஆகிவிட்டது. கம்பெனி பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. 'வேலை தொடங்கும் முன் எண்ணெய் இடவும்.' அவ்வளவுதான்.

"ஏனுங்கப்பா, எண்ணெ ஊத்துன்னு எழுதியிருக்கறதுக்கா இத்தன வருசமாப் பொட்டு வெச்சீங்க?" என்று சிரித்தேன்.

"அது சொல்லித்தான் ஊத்தோணுமா கண்ணு? நாம்பாட்டுக்கு தெனமும் ஊத்திட்டுத்தான இருக்கறேன்" என்றார். அடுத்த ஆயுத பூஜைக்கும் அதே இடத்தில் பொட்டு வைத்தார்.

'ஜப்பான் மீது ஏன் ஆர்வம்?' என்ற கேள்விக்கு விடை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். இதைத்தான் ஜப்பானிய மொழியில் எழுதினேன். இரண்டு இடத்தில் திருத்தி, "பிரமாதம் அம்மணி" என்று பதில் போட்டீர்கள். பிறகு என் பெயரை எடுத்துவிட்டு அதையே மாதிரி விடையாக்கி எல்லோருக்கும் அனுப்பினீர்கள். எனக்கு என் விடை இருந்ததால் மாதிரி விடைகளை நான் திறந்தே பார்க்கவில்லை. அது என் முட்டாள்தனம்.

காந்திபுரத்தில், ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியின் மாடியில் நேர்காணல். வாசலிலேயே போன்களை வாங்கி ஒரு ட்ரேயில் வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். நான் ஐந்தாவது. திரையில் இரண்டு ஜப்பானியர்கள், மேசைக்கு இந்தப் பக்கம் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். அந்தக் கேள்வி வந்தது. குரல் நடுங்காமல்தான் ஆரம்பித்தேன். குங்குமத்துக்கு வந்தபோது திரையில் இருந்த பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏதோ சொன்னார்.

மொழிபெயர்த்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னைக்கு இது நாலாவது லேத்தாம்மா. வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கிறார்."

"நிஜம்தான்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். தகட்டின் போட்டோ போனில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். பெரியவர் வேண்டாம் என்று மரியாதையாகத் தலையசைத்தார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. நேரம் முடிந்தது.

வெளியே வந்ததும், எனக்கு முன்னால் போய்விட்டு வந்த கோட்டைமேட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கும் லேத்துதானா? எங்க அத்தாவுக்கு அத்தர் கடைங்க! அவரு லேத்துக்குக் குங்குமம் வெச்சாருன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். வீட்ல தெரிஞ்சா என்னைய வெச்சுச் செய்வாங்க. சார் ஒரு எழுத்து மாறாமச் சொல்லச் சொன்னாருங்க. எவ எழுதுனாளோ, நல்லாத்தான் எழுதியிருக்கறா."

"நான் எழுதுனதுங்க. எங்கப்பாதான் அது."

அவள் சிரிப்பு நின்றுபோனது. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோட்ஸில் இருப்பதை அப்படியே கக்கினால் மார்க் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். மனிதர்கள் எதிரே உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கும் அதையே செய்யச் சொன்னது நீங்கள்.

லேத் சொன்ன நான்கு பேருமே தேறவில்லை. அடுத்த முறை மறுபடி வரலாம் என்கிறது ஏஜென்சி. ஆனால் என் பெயருக்கு நேரே 'மனப்பாடக் கதை' என்று குறித்திருக்கிறார்கள். அது என் சொந்தக் கதை என்பதற்கு ஆதாரம் கொடுத்தால் அந்தக் குறிப்பை எடுக்கச் சொல்லிப் பேசிப் பார்ப்பார்களாம். ஆதாரம் என் போட்டோவும் உங்கள் வாயும்தான்.

உங்களுக்குப் போன் செய்தேன். "நல்லா இருந்துச்சு, நாலு பேருக்கு உதவட்டும்னு போட்டேன் அம்மணி. பேரத்தான் எடுத்துப்போட்டன்ல?" என்றீர்கள். பெயரை எடுத்ததுதான் சார் திருட்டு. குழுவில் கேட்டேன். என் பதிவு காணாமல் போனது, பிறகு நானும் குழுவில் இல்லை.

நேர்காணல் அன்றைக்குச் சாயங்காலம் பட்டறைக்குப் போனபோது அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "லேத்தப் பத்திச் சொன்னியா கண்ணு?" என்று கேட்டார்.

"சொன்னனுங்கப்பா."

"என்ன சொன்னாங்க?"

மனுசர் ஆசையாகக் கேட்டார். "கேட்டுக்கிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் குப்பி எங்கே என்று தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். அந்த மாதிரி விடையை எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், உங்கள் மாணவர்கள் எல்லோரும் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள். அந்த லேத் யாருடையது? குங்குமம் வைத்தவர் யாருடைய அப்பா?