இரட்டை ஊர்க்காரர்

என் கணவர் ஞானேஸ்வரனுக்கு லண்டனில் கார்பெட் போடுகிற வேலை. மிட்சம், சட்டன், நோர்பரி என்று நகரின் தெற்கே எங்கே ஒரு தமிழர் வீடு கைமாறினாலும், பழையதைக் கிழித்து எறிந்து புதியதை இழுத்துப் போட இவரைத்தான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க முழங்காலில் நின்று, அந்த முழங்காலாலேயே இடித்து இடித்துச் சுவரோடு இறுக்குகிற வேலை. ஐம்பத்தேழு வயதிலேயே படியேறக் கைப்பிடி தேவைப்படுகிறது. வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. போன வீட்டில் ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டால் போதும், உலக சமாதானம் வரைக்கும் பேசிவிட்டுத்தான் வருவார்.

நல்ல மனிசன் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். நல்ல மனிசனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் அதில் இருக்கிற கரைச்சல் தெரியும்.

லண்டனுக்கு வருமுன் இவர் ஜெர்மனியில், பால்டிக் கடலோரத்துச் சின்னப் பட்டினம் ஒன்றில் அகதியாக இருந்தார். ஒரு ஹோட்டல் குசினியில் சமையல். அந்த ஊர் எல்லையில் ஒரு பலகை நிற்குமாம். மேலே ஊரின் பெயர், அதன் கீழே போலந்து, சுவீடன், டென்மார்க் நாட்டு ஊர்களின் பெயர்கள். எல்லாம் அதே கடலின் மற்றக் கரைகள். இரட்டை ஊர்கள், ஒன்றுக்கொன்று சகோதர ஊர்கள் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஊர்கள். கோடை வந்தால் அங்கிருந்து மேயர்மாரும் மீன்பிடிகாரரும் கப்பலேறி வருவார்கள், இவர் மீன்சூப் காய்ச்சி ஊற்றுவார். அந்த மேசையில் இருந்தபடியே கடற்பிரச்சினையெல்லாம் பேசித் தீர்த்தார்கள் என்பது இவருடைய கதை. நான் என்ன கூட இருந்து கண்டேனா?

“உவங்கள் ஒருத்தனை ஒருத்தன் குண்டு போட்டு அழிச்ச சனம், மலர். இப்ப பக்கத்துப் பக்கத்தில இருந்து சூப் குடிக்கிறாங்கள். எங்கட கடலுக்கு மட்டும் ஏன் ஏலாது?” என்று என்னைக் கேட்பார். வெங்காயம் உரிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

எங்கள் கடல் என்றால் யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் கிடக்கிற கடல். இவருடைய தம்பி இராஜேந்திரன், எங்களுக்கு ராசன், ஊரிலேயே நின்றுவிட்டான். சின்னப் படகில் வலை விட்டுப் பிழைக்கிறான், அங்குள்ள மீனவர் சங்கத்துக்கும் அவன்தான் செயலாளர். அக்கரையில் இருந்து வருகிற இழுவைப் படகுகளை நாங்கள் ரோலர் என்போம். கடலின் அடியை வழித்துக்கொண்டு வரும். குறுக்கே கிடக்கிற சின்ன ஆட்களின் வலையையும் அறுத்துக்கொண்டு போகும். அவை வருகிற இரவுகள் எல்லாருக்கும் தெரியும். அந்த இரவுகளில் எங்கள் சனம் வலையைக் கரையில் போட்டுவிட்டு வீட்டில் படுக்கும். அக்கரைக் கடலில் மீன் அற்றுப் போனதால் அவர்களும் வயிற்றுக்காகத்தான் வருகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்படி இருக்கும்போதுதான் நோர்பரியில் ஒரு வீட்டுக்குக் கார்பெட் போடப் போனார். வீட்டுக்காரர் நம்புராஜன், குரோய்டனில் கம்ப்யூட்டர் வேலை. பேசிப் பார்த்தால் எங்கள் ஊருக்கு நேர் எதிரே, அக்கரைப் பட்டினத்துக்காரர். அவருடைய அக்கா குடும்பமே ரோலரில் போகிற குடும்பம். வேறு யாராவது என்றால் அங்கேயே வாக்குவாதம் வந்திருக்கும். இவரோ கார்பெட் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஜெர்மன் பலகைக் கதையைத் தொடங்கிவிட்டார். அந்த வீட்டுக் கார்பெட் முடிய ஒரு கிழமை எடுத்தது.

எங்கள் ஊரையும் அவருடைய ஊரையும் இரட்டை ஊராக்கச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு ஊர் நிர்வாகத்துக்கும் எழுதினார்கள். பதில் இல்லை. தூதரகங்களுக்கு எழுதினார்கள். அங்கேயும் மூச்சு இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா?

“ஊர் கேக்காட்டி என்ன? ஊர்ச்சனம் இஞ்ச இருக்குத்தானே. லண்டனில இருக்கிற ரெண்டு ஊர்ச் சங்கமும் கையெழுத்து வைப்பம்” என்றார்.

மிட்சத்தில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விழா. மங்கள விளக்கு, பரதநாட்டியம், ரோல்ஸ், வடை ஒன்றுக்கும் குறைவில்லை. ஒரு கவுன்சிலர் வந்து எல்லாருக்கும் கை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்து வைக்கிற ஒப்பந்தப் பத்திரத்தைக் கம்ப்யூட்டரில் அழகாக அடித்துக் கொடுத்தவள் எங்கள் மகள் மிதுஷா.

“அப்பா, ரெண்டு டவுனும் சைன் பண்ணேல்லையே. நீங்களும் நம்பு அங்கிளும்தானே சைன் பண்ணுறீங்கள்?” என்று கேட்டாள்.

“எல்லாம் இப்பிடித்தான் தொடங்கும் பிள்ளை” என்று சிரித்தார்.

பெரிய திரையில் அக்கரைப் படகு உரிமையாளர் சங்கத் தலைவர் தோன்றினார். அவருக்கு முன்னாலும் ஆள் கூட்டம், கழுத்தில் மாலை. “ஈழத்துச் சொந்தங்கள் எங்க தொப்புள்கொடி உறவு. இனிமே எங்க போட் ஒண்ணுகூட அவங்க வலைப்பக்கம் போகாது” என்று முழங்கினார். மண்டபமே எழுந்து கை தட்டியது. நம்புராஜனும் மைக்கைப் பிடித்து, தன் ஊருக்காகத் தான் பொறுப்பு என்று கண் கலங்கப் பேசினார். மாலை போட்டு மைக்கையும் கையில் கொடுத்தால் மனிதர் எதைத்தான் சொல்லமாட்டார்கள்? விழாப் பேச்சு விழாவோடு போகும் என்று வடை தின்ன வந்த அத்தனை பேருக்கும் தெரியும். இவருக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வேட்டியைக்கூட மாற்றவில்லை. ஊருக்குப் போன் எடுத்தார்.

“ராசன், இனிப் பயப்பிடாதை. அவையின்ர தலைவரே சொல்லிப்போட்டார். புதன்கிழமையும் வலையை விடு.”

புதன் இரவு ரோலர் வருகிற இரவு.

“மெய்யோ அண்ணை?”

“ஓமடா. எழுத்தில இருக்கு.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “உங்களுக்கென்ன விசரே? கார்பெட்டில முழங்கால் குத்துற ஆள் கடலுக்கு ஏன் உத்தரவாதம் குடுக்கிறியள்?” என்றேன்.

“நீ எப்பவும் அபசகுனமாத்தான் கதைப்பாய்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராசன் அண்ணன் சொல்லைத் தட்டாதவன். தகப்பன் போனபிறகு இவர்தான் அவனுக்கு எல்லாம். அண்ணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவன். அந்தப் புதன் இரவு ஊரில் வேறு ஒருவரும் வலையோடு கடலுக்குப் போகவில்லை. ராசனின் படகு மட்டும் போனது.

வியாழன் காலை இவர் சட்டனில் ஒரு வேலைக்குப் புறப்பட்டு, வான் வண்டியின் திறப்புச் சாவியோடு நிற்கும்போது போன் வந்தது.

“வலை இல்லை அண்ணை. மிதப்புகூட ஒண்டு மிஞ்சேல்லை. விடிய விடியத் தேடிப்போட்டுத்தான் வாறன்.”

ஒரு வார்த்தை ஏசவில்லை. உங்களால்தான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியில் அப்படியே இருந்துவிட்டார். திட்டத் தயாராக வந்த நானும் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

புது வலை வாங்கித் தருகிறேன் என்று இவர் கெஞ்சினார். “வேண்டாம் அண்ணை. வாங்கி எங்க விடுறது?” என்று மட்டும் கேட்டான்.

அதே இரவு இலங்கைக் கடற்படை ஒரு ரோலரைப் பிடித்திருந்தது. அதில் வந்தவர்களை மறியல்வீட்டில் அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ராசனின் வலையை அறுத்தது அந்தப் படகுதானா, வேறொன்றா? இருட்டில் யார் கண்டது?

சனிக்கிழமை மத்தியானம் நம்புராஜன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். தேத்தண்ணியைக் கொடுத்தேன், தொடவில்லை.

“அண்ணே, பிடிச்ச போட்ல எங்க அக்கா பையனும் இருக்கான்” என்றார். “போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. அக்கா பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்குறா. உங்க தம்பி சங்கத்துல இருந்து ஒரு மனு கொடுத்தா கோர்ட்டு கொஞ்சம் எறங்கி வரும்னு வக்கீல் சொல்றார். ஒரு வார்த்தை பேசுறீங்களா?”

நான் பொறுக்கவில்லை. “தம்பி, எங்கட ஆளின்ர வலை போன கதை தெரியுமோ?”

“தெரியும் அக்கா.” தலையைக் குனிந்துகொண்டார். “எந்த முகத்தோட வந்தேன்னு எனக்கே தெரியல. வேற யாரையும் தெரியாதே.”

அதற்கு மேல் அவரை என்ன கேட்க? அக்காவின் பிள்ளை என்றால் யார்தான் வரமாட்டார்கள்? நானும் வந்திருப்பேன்.

இவர் எடுக்கவா விடவா என்று போனைக் கையில் வைத்துப் புரட்டினார். தம்பியிடம் கேட்க நாக்கு எழவில்லை. எதிரே இருக்கிற மனிதரைப் பார்த்து முடியாது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. கடைசியில் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போனை மேசையில் வைத்து, விசயத்தைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

ராசன் முதலில் ஒன்று கேட்டான்.

“அவர் பக்கத்தில இருக்கிறாரோ?”

“இருக்கிறார்.”

“அண்ணை, எங்கட சங்கம் சொல்லி கோர்ட்டில விடுவினமோ எண்டு எனக்குத் தெரியாது. எண்டாலும் கேட்டுப் பாக்கிறன். ஆனா ஒண்டு. பெடியன் வெளிய வந்தாத் திரும்ப எங்கட பக்கம் வரமாட்டான் எண்டு அவரைச் சொல்லச் சொல்லுங்கோ. எல்லா ரோலரையும் நான் கேக்கேல்லை. அந்த ஒரு பெடியன். இதையாவது சொன்னாத்தான் இஞ்ச வலை இழந்த சனத்துக்கு முன்னால நான் வாயைத் திறக்க ஏலும். சொன்னா நாளைக்கே சங்கத்தைக் கூட்டுறன்.”

நம்புராஜன் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். அன்றைக்கு மண்டபத்தில் ஊருக்கே பொறுப்பேற்ற வாய்தான்.

“அண்ணே...” என்று போனைப் பார்த்துச் சொன்னார். “அவனுக்கு வேற தொழில் தெரியாது. போட் எங்க போகுதோ அவனும் அங்கதான்...” பாதியில் நின்றுவிட்டார்.

சொல்லித் தொலையேன் மனிசா என்று எனக்குள்ளே கத்தினேன். ஒரு பொய்தானே? அக்காவை நினைத்தாவது சொல்லக் கூடாதா? அவர் கண்ணில் தண்ணீர் முட்டியதே தவிர வாயில் இருந்து அந்த ஒரு சொல் வரவில்லை. முன்பு ஒரு தடவை சொன்னது என்ன செய்தது என்று கண்டுவிட்டார்.

இவருக்குத்தான் பொறுக்கவில்லை. போனை நோக்கிக் குனிந்தார்.

“வரமாட்டான் ராசன். நான் சொல்லுறன்.”

“நீங்கள் சொல்லாதேங்கோ அண்ணை” என்றான் ராசன். “புதன்கிழமையும் நீங்கள்தான் சொன்னனீங்கள்.”

கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பாய்ந்து விழுந்து திருப்பி ஏசியிருப்பேன். களைத்துப்போன ஒருவன் மெதுவாகச் சொல்வதை எப்படி ஏசுவது? இவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அந்த ஒரு சொல் இல்லாமல் மனுவும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் போனை ஒருவரும் வைக்கவில்லை.

“அண்ணை, லைனில நிக்கிறியளோ?” என்று கேட்டான் ராசன்.

“நிக்கிறன்” என்றார் இவர்.